மூடுபனி ஊரில் வீடு... சந்தன வெள்ளையா, லைட் கிரேயா? சுவருக்குச் சரியான கலரைத் தேர்வு செய்வது எப்படி?

கடையில் ஷேடு கார்டைப் புரட்டும்போது சூப்பராக இருந்த கலர், சுவரில் அடித்து முடித்ததும் "இது நாம கேட்ட கலரே இல்லையே" என்று தோன்றுவது பல வீடுகளில் நடக்கும் கதைதான். பச்சை, ரோஸ், ஊதா போன்ற பளிச் கலர்களில் மட்டும் வரும் பிரச்னை என்று நினைத்தால், அது தவறு. உண்மையில் அதிகம் ஏமாற்றுவது, "எதுக்கும் செட் ஆகும்" என்று நம்பி வாங்கும் மங்கலான நியூட்ரல் கலர்கள்தான்.

அதிலும் கொடைக்கானல் மேல்மலை போன்ற குளிர், மேகம், மூடுபனி உள்ள ஊர்களில், சமவெளிக்காரர்கள் சொல்லும் யோசனை அப்படியே எடுபடாது. மஞ்சள் சாயல் கொண்ட சந்தன வெள்ளை, இப்போது டிரெண்டில் இருக்கும் லைட் கிரே இரண்டில் எதை எடுப்பது? கவுஞ்சியை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கவுஞ்சியில் இது ஏன் பெரிய கேள்வி?

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகாவில் மேல்மலையில் இருக்கும் கிராமம் கவுஞ்சி. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போகும் பாதையில் வருகிறது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என்று விவசாயம்தான் பிழைப்பு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவதும் இந்த மலையில்தான்.

இதுபோன்ற மலை ஊர்களில் வீடு என்பது சரிவில் மண்ணை வெட்டி, படி போலச் சமன் செய்த இடத்தில் நிற்கும். முன்பக்கம் வெளிச்சம் இருக்கும். பின்சுவர் மண் கரையை ஒட்டியிருக்கும். அங்கே ஜன்னல் வைக்க முடியாது. முன்பக்க ஜன்னலையும் குளிருக்குப் பயந்து சின்னதாகத்தான் வைப்பார்கள். பல மாதங்கள் மாலையில் ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்க வேண்டும்.

ஆக, வீட்டுக்குள் வரும் வெளிச்சம் குறைவு. அந்தக் குறைந்த வெளிச்சத்தைச் சுவர் திருப்பித் தருமா, விழுங்கிவிடுமா என்பதைக் கலர்தான் முடிவு செய்கிறது. வெள்ளாமை காசில் வீடு கட்டுபவர்களுக்கு, பெயிண்ட் என்பது கையில் இருக்கும் கடைசிப் பணத்தில் நடக்கும் வேலை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே மாற்றி அடிக்க முடியாது. குறைந்தது ஐந்தாறு வருஷம் அந்தச் சுவரோடுதான் வாழ வேண்டும்.

இரண்டுமே 'கலரே இல்லாத கலர்' தானே?

இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கடையில் டின்டிங் மெஷினில் கலக்கும்போது, இரண்டுக்கும் அடிப்படை ஒரே வெள்ளை பெயிண்ட்தான். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொருள்தான் அந்த வெள்ளையைத் தருகிறது. அதில் சில சொட்டு மஞ்சள் ஆக்சைடும், துளி சிவப்பு ஆக்சைடும் விட்டால் சந்தன வெள்ளை. கருப்பும், கூடவே துளி நீலமோ பச்சையோ ஊதாவோ விட்டால் லைட் கிரே.

இந்தத் 'துளி'தான் கலரின் உள்சாயல். சின்ன அட்டையில் அது கண்ணுக்குத் தெரியாது. நான்கு சுவரிலும் அடித்த பிறகு ஒரு சுவரின் கலர் எதிர்ச்சுவரில் பட்டு, அது மறுபடி திரும்பி வந்து, சாயல் கூடிக்கொண்டே போகும். அட்டையில் வெறும் கிரேயாக இருந்தது அறையில் நீலமாகத் தெரிவது இதனால்தான்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. சுண்ணாம்பு அடிக்கும்போது கொஞ்சம் நீலம் கலப்பது அந்தக் காலப் பழக்கம். சுண்ணாம்பில் இருக்கும் லேசான பழுப்பு சாயலை நீலம் அடக்கிவிடும். சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நீலம் கூடிவிட்டால் சுவர் நீலமாகவே நின்றுவிடும் என்பதும் வெள்ளையடித்தவர்களுக்குத் தெரியும். இன்று டின்டிங் மெஷின் செய்வதும் அதே வேலைதான். அளவு மட்டும் துல்லியமாக இருக்கும்.

உள்சாயலைக் கண்டுபிடிப்பது எப்படி?

சுலபமான வழி ஒன்று உண்டு. ஷேடு கார்டை நல்ல வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிந்தது, தாளுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவோ ரோஸாகவோ தெரிய ஆரம்பிக்கும். கிரே என்றால் நீலமா, பச்சையா, ஊதாவா என்று பிடிபடும்.

இன்னொரு வழி, அதே வரிசையில் கீழே இருக்கும் அடர்த்தியான ஷேடைப் பார்ப்பது. மேலே இருக்கும் லைட் ஷேடில் ஒளிந்திருக்கும் சாயல், கீழே இருக்கும் டார்க் ஷேடில் பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரிந்துவிடும்.

மூடுபனி வெளிச்சம் சுவரை என்ன செய்யும்?

வெளிச்சத்துக்கும் கலர் உண்டு. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். எண் குறைவாக இருந்தால் மஞ்சள் வெளிச்சம். கூடினால் நீல வெளிச்சம். பழைய குண்டு பல்பு சுமார் 2,700 கெல்வின். மேகம் மூடிய பகல் வெளிச்சம் 6,500 கெல்வினை ஒட்டி இருக்கும். நேர் வெயில் இல்லாமல் நீல வானத்தில் இருந்து மட்டும் வெளிச்சம் வரும் நிழல் பகுதியில் இது இன்னும் கூடும்.

மேல்மலையில் வருஷத்தில் பல நாள் மேகமும் மூடுபனியும்தான். அப்போது வீட்டுக்குள் வருவது நிழலே விழாத, லேசான நீலம் கலந்த, மங்கலான வெளிச்சம். நீல உள்சாயல் உள்ள கிரே சுவரில் அது பட்டால், சுவர் இன்னும் நீலமாக, ஈரச் சிமென்ட் போலத் தெரியும். "வீடே டல்லா இருக்கு" என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

அதே வெளிச்சம் சந்தன வெள்ளையில் பட்டால், மஞ்சள் சாயலும் நீல வெளிச்சமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொள்ளும். சுவர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வெயிலில் "ரொம்ப மஞ்சளா இருக்கே" என்று ஒதுக்கும் அதே ஷேடு, கவுஞ்சியில் அளவாகத் தெரிவது இதனால்தான். கீழே இருக்கும் ஊரில் உறவினர் வீட்டைப் பார்த்துவிட்டு அதே நம்பரை மேலே கொண்டுபோய் அடித்தால் ஏமாற்றம் வர வாய்ப்பு உண்டு. கடை கீழே இருந்தால், கடைக்குள் எரியும் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்வதும் இதே ரகம்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே படிக்கட்டுத் தோட்டமும் மரங்களும் இருந்தால், அந்தப் பச்சையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வீட்டுக்குள் வரும். லைட் கிரே சுவர் இந்தப் பச்சையைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும்.

'வடக்கு ரூம்னா வெயில் வராது' - இது சரியா?

இணையத்தில் கலர் யோசனை தேடினால், "வடக்கு பார்த்த அறைக்கு வெதுவெதுப்பான கலர், தெற்கு பார்த்த அறைக்குக் குளிர்ந்த கலர்" என்று படிக்கலாம். பெரும்பாலும் அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியது. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கம்தான் சாய்ந்து போகும்.

கொடைக்கானல் மலை இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில். இங்கே ஏப்ரல் நடுப்பகுதியில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்குப் பக்கம் சாயும். ஆகஸ்ட் கடைசி வாரம் வரை அப்படித்தான். அதாவது, வருஷத்தில் நான்கு மாதத்துக்கு மேல் வடக்குச் சுவருக்கும் வெயில் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது வடக்கு அறைக்கு நேர் வெயில் இல்லை. குளிர் அதிகம் இருப்பதும் அதே மாதங்களில்தான்.

மலையில் இதைவிட முக்கியமானது, எந்தப் பக்கம் சரிவு மறைக்கிறது என்பது. கிழக்கே உயர்ந்த மலை நின்றால் காலை வெயில் தாமதமாகத்தான் வீட்டுக்குள் வரும். மேற்கே நின்றால் மாலை சீக்கிரமே இருட்டிவிடும். திசையைக் கேட்டு முடிவு செய்வதைவிட, அறைக்குள் எத்தனை மணிக்கு வெயில் வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று இரண்டு நாள் கவனித்தாலே போதும்.

டப்பாவில் பார்க்க வேண்டிய எண் எது?

பெயிண்ட் கம்பெனிகள் ஒவ்வொரு ஷேடுக்கும் எல்.ஆர்.வி என்ற எண்ணைக் கொடுப்பது உண்டு. சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதைச் சொல்லும் அளவு இது. முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. ஷேடு கார்டின் பின்பக்கத்திலோ, கம்பெனி இணையதளத்திலோ இருக்கும். இல்லை என்றால் டீலரிடம் கேட்கலாம்.

ஒரு உதாரணம். சந்தன வெள்ளைக்கு எல்.ஆர்.வி 80, லைட் கிரேக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் வித்தியாசம் 20தான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் ஒரே சுவரில் பட்டு நிற்பதில்லை. முன்சுவரில் பட்டு, பின்சுவருக்குப் போய், அங்கிருந்து மூலைக்குப் போகிறது.

- 80 உள்ள சுவர்: முதல் முறை பட்டால் 80 பங்கு மிஞ்சும். இரண்டாவது முறை 64.
- 60 உள்ள சுவர்: முதல் முறை 60. இரண்டாவது முறை 36.

இரண்டே முறை பட்டதும், கிரே அறையின் மூலைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பாதிதான். பெரிய ஜன்னல் உள்ள வீட்டில் இது பெரிதாகத் தெரியாது. சின்ன ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள அறையில், பிள்ளைகள் பகலிலேயே லைட் போட்டுப் படிக்க வேண்டி வரும்.

அதற்காக கிரே என்றாலே இருட்டு என்று ஆகிவிடாது. எல்.ஆர்.வி 70-க்கு மேல் உள்ள மிக லேசான கிரேயும் கிடைக்கும். கலர் பெயரைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

ராத்திரியில் கலர் மாறுவது ஏன்?

பகலில் பார்த்த கலர், பல்பு போட்டதும் மாறும். நம்ம ஊரில் அதிகம் விற்கும் எல்.இ.டி பல்பு 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் தருவது. அது கிரே சுவரை இன்னும் குளிர்ச்சியாகக் காட்டும். 2,700 அல்லது 3,000 கெல்வின் வார்ம் ஒயிட் பல்பு போட்டால் அதே கிரே மென்மையாகத் தெரியும். ஆனால் சந்தன வெள்ளைச் சுவரில் வார்ம் பல்பு போட்டால் மஞ்சள் தூக்கலாகிவிடும். நடுவில் 4,000 கெல்வின் பல்பும் கிடைக்கிறது. எண் பல்பு டப்பாவிலேயே அச்சாகி இருக்கும்.

ஆக, பெயிண்ட் வாங்கும் முன்பே வீட்டில் எந்த பல்பு போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே அடித்த கிரே பிடிக்கவில்லை என்றாலும், முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். சுவரை மாற்றுவதைவிட அது மலிவு.

ஒரே கலர், இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியுமா?

தெரியும். 2015 பிப்ரவரியில் உலகம் முழுக்க வைரலான அந்த உடை ஞாபகம் இருக்கலாம். சிலருக்கு வெள்ளை-தங்கம், சிலருக்கு நீலம்-கருப்பு. உண்மையில் அது நீலம்-கருப்பு உடை. வெளிச்சம் எப்படிப்பட்டது என்று மூளை போடும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறியதே காரணம். அதனால் "உனக்குக் கண்ணு தெரியலையா" என்று வீட்டில் சண்டை போட வேண்டியதில்லை.

பக்கத்தில் இருக்கும் கலரும் சுவரை மாற்றிக் காட்டும். பிரான்ஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரூல், 1839-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதினார். நூலின் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருக்கும் நூல்தான் அதை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்.

வீட்டில் இதைப் பார்ப்பது சுலபம். ரெட் ஆக்சைடு தரைக்கு மேல் கிரே சுவர் இருந்தால், சிவப்புக்கு எதிரான பச்சை சாயல் சுவரில் தூக்கலாகத் தெரியும். மரக் கதவு, மரப் பரண், சிவப்புத் தரை உள்ள வீட்டுக்குச் சந்தன வெள்ளை ஒத்துப்போகும். வெள்ளை அல்லது சாம்பல் டைல்ஸ், அலுமினிய ஜன்னல், கருங்கல் உள்ள வீட்டில் கிரே பொருந்தும். அங்கே சந்தனம் சில சமயம் அழுக்கு வெள்ளையாகத் தெரியும்.

ஓதம், பூஞ்சை, புகை... எந்தக் கலர் தாங்கும்?

எந்தக் கலரும் ஓதத்தைத் தடுக்காது. மண் கரையை ஒட்டிய பின்சுவரில் ஈரம் ஏறினால், எந்தக் கலர் அடித்தாலும் பெயிண்ட் உப்பி உரியும். முதலில் வெளியே தண்ணீர் வழிந்து போக வழி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டி, பிரைமர் எல்லாம்.

கலர் செய்வது ஒன்றுதான். பூஞ்சையைக் காட்டுவது அல்லது மறைப்பது. வெளிர் சந்தனத்தில் கருப்புப் புள்ளி சீக்கிரம் கண்ணில் படும். கிரேயில் அது கொஞ்ச நாள் மறைந்திருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும், குழந்தைகளோ மூச்சிரைப்பு உள்ள பெரியவர்களோ இருக்கும் வீட்டில், பூஞ்சை சீக்கிரம் தெரிவதுதான் நல்லது.

விறகடுப்புப் புகை படியும் வீட்டில், புகை தரும் பழுப்புப் படிவு சந்தனக் கலரோடு கலந்துவிடும். நீல சாயல் கிரேயில் அது கறையாகவே தெரியும். சமையல் கட்டுக்குத் துடைக்கக்கூடிய, லேசான மினுமினுப்பு உள்ள எமல்ஷன் நல்லது.

பழைய மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடா? பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழி குறையும். அங்கே சுண்ணாம்புதான் இன்றும் பொருத்தம். காரத்தன்மை உள்ளதால் பூஞ்சையையும் ஓரளவு கட்டுப்படுத்தும். துளி மஞ்சள் ஆக்சைடு கலந்தால் சந்தன வெள்ளை அதிலேயே கிடைத்துவிடும்.

கதவு, ஜன்னலில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. வீட்டு பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல் கொண்டுவரப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். தண்ணீர் தெளித்துத் தேய்ப்பதும், குழந்தைகளைத் தள்ளி வைப்பதும் அவசியம்.

வாங்கும் முன் டெஸ்ட் செய்வது எப்படி?

1. இரண்டு ஷேடிலும் கிடைக்கும் மிகச் சின்ன டப்பாவை வாங்குங்கள்.
2. சுவரில் நேரடியாக அடிக்காமல், இரண்டடிக்கு இரண்டடி தடிமனான அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். அட்டையை எந்தச் சுவருக்கும் மாற்றி வைத்துப் பார்க்கலாம்.
3. ஓரத்தில் ஒரு அங்குலம் வெள்ளையாக விடுங்கள். பழைய சுவர்க் கலர் குழப்பாமல் இருக்கும்.
4. நன்றாகக் காயும்வரை முடிவு செய்ய வேண்டாம். எமல்ஷன் காய்ந்தால் பொதுவாகச் சற்று அடர்த்தியாகும். சுண்ணாம்பு அதற்கு நேர் எதிர். காயக் காயத்தான் வெளுக்கும்.
5. ஜன்னல் பக்கத்தில் ஒரு முறை, அறையின் இருட்டு மூலையில் ஒரு முறை பாருங்கள். தரையில் படுக்க வைக்காமல், சுவரோடு நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும்.
6. காலை, மதியம், மாலை, ராத்திரி பல்பு வெளிச்சம் என நான்கு நேரமும் பாருங்கள். அதில் ஒரு நாளாவது மூடுபனி நாளாக இருக்கட்டும்.

போனில் போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பிக் கேட்பது இப்போது வழக்கம். ஆனால் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்து கலரை மாற்றிவிடும். இரண்டு அட்டையையும் ஒரே போட்டோவில், நடுவில் ஒரு வெள்ளைத் தாளோடு எடுத்தால், குறைந்தபட்சம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எப்போது அடிக்கலாம்?

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் விட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மலை ஈரத்தில் அதற்கு மேலும் ஆகலாம். சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

தண்ணீரில் கலக்கும் பெயிண்டை 10 டிகிரிக்குக் கீழே அடிப்பது பொதுவாக நல்லதில்லை. படலம் சரியாகப் பிடிக்காது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் அடிக்க வேண்டியிருந்தால், வெயில் ஏறிய பிறகு தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது பாதுகாப்பு. மழை, மூடுபனி குறைந்த மாதங்கள்தான் வசதி.

தேவையான அளவை ஒரே நேரத்தில், ஒரே பேட்ச் நம்பரில் வாங்குவதும் முக்கியம். பாதியில் தீர்ந்து, கீழே இறங்கி மறுபடி வாங்கி வந்தால் ஷேடு லேசாக மாறியிருக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுவர்ப் பரப்பு மட்டும் 440 சதுர அடி. கதவு, ஜன்னலைக் கழித்து, டப்பாவில் போட்டிருக்கும் கவரேஜ் கணக்கால் வகுத்தால் எத்தனை லிட்டர் என்று தெரிந்துவிடும். கவரேஜ் ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ, கடைசியில் எது?

சந்தன வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் குளிர் குறையுமா என்றால், இல்லை. தெர்மாமீட்டரில் வித்தியாசம் வராது. வெளிச்சமும், உட்கார்ந்திருக்கும்போது வரும் உணர்வும்தான் மாறும்.

- ஜன்னல் சின்னது, பின்சுவர் மண்ணை ஒட்டியது, விறகடுப்பு, ரெட் ஆக்சைடு தரை: சந்தன வெள்ளை. எல்.ஆர்.வி 75-க்கு மேல் பாருங்கள்.
- இரண்டு பக்கம் ஜன்னல், நல்ல வெயில், வெளிர் டைல்ஸ்: லைட் கிரே எடுக்கலாம். நீல சாயலைத் தவிர்த்து, லேசான பழுப்பு சாயல் உள்ள கிரேயாகப் பாருங்கள். பல்பு 3,000 அல்லது 4,000 கெல்வின்.
- கிரே ஆசை விடவில்லை, ஆனால் வெளிச்சம் குறைவு: ஜன்னல் இருக்கும் சுவரில் மட்டும் கிரே அடியுங்கள். ஜன்னலில் இருந்து வரும் வெளிச்சம் முதலில் படும் எதிர்ச்சுவரும், மற்ற சுவர்களும் சந்தன வெள்ளையாக இருக்கட்டும்.
- மேல்தளம் எப்படி இருந்தாலும் வெள்ளை.

வெளிர் ஷேடுகள் ஒரே அடிப்படை பெயிண்டில் கலக்கப்படுவதால், ஒரே ரகத்தில் இரண்டுக்கும் விலை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தப்பாக எடுத்தால் நஷ்டம், இரண்டாவது முறை வாங்கும் டப்பாவும் பெயிண்டர் கூலியும்தான். அட்டையில் அடித்துப் பார்க்க ஆகும் செலவு அதில் ஒரு சின்னப் பங்குகூட வராது.